உங்களுக்குத் தெரியுமா? ஆவிக் குமிழியை விரட்டும் சொட்டு மருந்து

தெற்கு அந்தமானின் சௌல்தாரியில் தண்ணீர் உறையும் குளிர் என்றைக்குமே கிடையாது. ஆனால் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்த கிளைக்கால் கூலண்ட், மைனஸ் 37 டிகிரி செல்சியஸ் வரை உறையாது! இந்த ஊர் வண்டிக்கு அதில் பயன்படுவது வேறு இரண்டு: கொதிநிலை உயரும், துரு பிடிக்காது. வெப்பத்தைச் சுமப்பதில் வெறும் தண்ணீர்தான் கெட்டி.

இன்ஜின் சூட்டைக் குறைப்பதாக விற்கும் கூலண்ட் சேர்மானம் செய்வது கிட்டத்தட்ட சோப்பு வேலை. சிலிண்டர் தலையின் கொதிக்கும் உலோகத்தில் பொடிப்பொடியாய் ஆவிக் குமிழிகள் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொன்றும் வெப்பத்துக்கு ஒரு தடுப்பு. நீரின் பரப்பு இழுவிசை குறைந்தால் குமிழி சீக்கிரம் கழன்றுவிடும். தண்ணீர் அதிகமுள்ள கலவையில்தான் பலன் தெரியும். கிளைக்கால் கூடக்கூட மங்கும்.

82 டிகிரியில் திறக்கும் தெர்மோஸ்டாட் ஒழுங்காக இருந்தால், இந்தச் சேர்மானத்தை ஊற்றினாலும் வெப்பங்காட்டும் முள் பெரிதாக இறங்காது. பழைய அம்பாசிடரில் முள் ஏறினால் பாட்டிலைத் தேடுமுன் ஃபேன் பெல்ட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். உப்புப் படிந்து அடைத்த ரேடியேட்டருக்கு இந்த மருந்து பலிக்காது. சூட்டோடு மூடியை மட்டும் திறந்துவிடாதீர்கள்!