நோயின் கிழங்கு

வயலில் கோரை மண்டினால், மேலே தெரியும் புல்லை மட்டும் அறுத்துவிட்டு நிம்மதியாய் உறங்கும் குடியானவன் இல்லை. மண்ணுக்குள் கிழங்கு இருக்கும் வரையில் கோரை மீண்டும் தழைக்கும் என்பதை அவன் அறிவான். சுவாசப்பையில் உண்டாகும் புற்றுநோய் விஷயத்தில் விஞ்ஞானிகளும் அத்தகைய கிழங்கைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

இத்தேடலின் அவசியத்தை விரித்துரைக்க வேண்டுவதில்லை. 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகமெங்கும் சுமார் 18 லட்சம் பேர் இந்நோய்க்கு இரையாயினர். மருந்தினால் கட்டி சுருங்குகிறது. நோயாளி எழுந்து நடமாடுகிறார். வீட்டாருக்கு உயிர் திரும்பி வருகிறது. ஆனால் பலருக்குச் சிறிது காலத்திலேயே நோய் மறுபடியும் தலை தூக்குகிறது. மருந்துக்குத் தப்பிப் பதுங்கியிருந்தது எது?

இக்கேள்விக்கு ஒரு விடை கனடா தேசத்து டொராண்டோ நகரிலிருந்து வந்தது. 1994-இல் அங்கே ஜான் டிக் என்பவரும் அவருடைய சகாக்களும் ஒருவகை ரத்தப் புற்றுநோயை ஆராய்ந்தார்கள். நோயுற்ற ஜீவ அணுக்களில் மிகச் சொற்பமானவையே எலியின் உடலில் அந்நோயை மறுபடி உண்டாக்கும் வல்லமை பெற்றிருந்தன. தன்னைப் போன்ற அணுவையும், நோயின் மற்ற அணுக்களையும் பிறப்பிக்க வல்ல இவற்றைப் புற்றுநோய்க் குருத்தணுக்கள் என்கிறோம்.

சுவாசப்பைக் கட்டியிலும் இவை உண்டா? 2008-இல் ரோமாபுரியில் ருஜேரோ டி மரியாவின் குழுவினர் இதைச் சோதித்தனர். ரண சிகிச்சையில் அகற்றிய கட்டிகளை அணு அணுவாகப் பிரித்து, சி.டி. 133 என்னும் புரதத்தை மேற்புறத்தில் முத்திரைபோல் தாங்கிய சில அணுக்களைத் தேர்ந்தனர். இம்மாதிரி அணுக்களைப் பிரிப்பதற்கு ஓர் அழகிய வழி உண்டு. முத்திரையை மட்டும் பற்றிக்கொள்ளும் ஒளிர்பொருளைச் சேர்த்து, மெல்லிய நீர்த்தாரையில் அணுக்களை ஒற்றை வரிசையாய் ஓடவிட்டு, லேசர் ஒளியில் மின்னுவனவற்றை வேறாக ஒதுக்குவார்கள்.

ரத்தச் சீரம் சேர்க்காத திரவத்தில், வளர்ச்சியைத் தூண்டும் பொருள்கள் மாத்திரம் கலந்து வளர்த்தபோது, அவ்வணுக்கள் சிறு உருண்டைகளாய்த் திரண்டு மிதந்தன. நோய் எதிர்க்கும் சக்தி குன்றிய எலிகளுக்குள் அவற்றைச் செலுத்தியதும், நோயாளியின் கட்டியை ஒத்த கட்டிகள் கிளம்பின. முத்திரையற்ற அணுக்களால் அது கூடவில்லை. மறு வருஷம் மிலான் நகரத்தார், ஸிஸ்பிளாட்டின் மருந்து பெற்ற எலிகளின் கட்டிகளில் முத்திரை கொண்ட அணுக்களின் விகிதம் உயர்ந்திருக்கக் கண்டனர். மருந்து புல்லை அறுத்தது, கிழங்கு எஞ்சியது!

எனினும், இதோடு காரியம் முடிந்தது என்று கருதலாகாது. 2008-இலேயே அமெரிக்காவின் மிச்சிகன் சர்வகலாசாலையில் ஷான் மாரிஸன் குழுவினர் மெலனோமா என்னும் தோல் புற்றுநோயை, எதிர்ப்புச் சக்தி இன்னும் குறைந்த எலிகளில் சோதித்தனர். அபூர்வம் என்று எண்ணியிருந்த ஆற்றல், ஏறக்குறைய நான்கில் ஓர் அணுவுக்கு இருந்தது! நிலம் மாறினால் முளைப்பும் மாறுகிறது. சுவாசப்பைக் கட்டிகளிலும் முத்திரையில்லாத அணுக்கள் கட்டி எழுப்பியதைப் பிற்பாடு வேறு சிலர் கண்டனர். சாதாரண அணுவே சமயத்தில் குருத்தணுவாக மாறக்கூடும் என்பதும் தெரிய வந்திருக்கிறது. ஆகவே ஒரே முத்திரையை நம்பி மருந்து செய்வது போதாது.

ஆயினும் இவ்வாராய்ச்சி கற்பித்த பாடம் பெரிது. கட்டி எவ்வளவு சுருங்கிற்று என்று அளப்பதோடு, மீண்டும் முளைக்க வல்லது எது எஞ்சியிருக்கிறது என்றும் கேட்கவேண்டும். அக்கிழங்கை விஞ்ஞானிகள் அகழ்ந்தெடுக்கும் வரையில், இந்நோய்க்குத் தலையாய காரணமான புகையிலைப் புகையை வீட்டுக்குள் விடாதிருப்பது நம் கையில் இருக்கிறது அன்றோ?