திராட்சை ஜெல்லியில் ஊறும் கறி உருண்டை

கிறிஸ்துமஸ், புத்தாண்டுக்கு முந்தைய இரவு, பிப்ரவரியில் வரும் சூப்பர் பௌல் என்ற அமெரிக்கக் கால்பந்து இறுதியாட்டம் என அமெரிக்க வீடுகளில் உறவும் நட்பும் கூடும் நாட்களில், சமையலறை மேடையின் ஓரத்தில் ஸ்லோ குக்கர் என்னும் மின்சாரப் பானை ஒன்று சூடாக இருந்துகொண்டே இருக்கும். மூடியைத் திறந்தால் கருஞ்சிவப்புக் குழம்பில் மினுமினுக்கும் சின்னச் சின்னக் கறி உருண்டைகள். பக்கத்தில் பல்குச்சிகள். தட்டு தேவையில்லை, உட்கார இடம் தேவையில்லை. ஒரு கையில் கோப்பையைப் பிடித்தபடி, மறு கையால் குத்தி எடுத்து, பேச்சை விடாமல் சாப்பிடலாம். காக்டெய்ல் மீட்பால் அதற்காகவே உருவான பண்டம்.

அந்தக் குழம்பில் என்ன இருக்கிறது என்று முதல்முறை கேட்பவர்கள் முகம் சுளிப்பார்கள். ஒரு பாட்டில் திராட்சை ஜெல்லி, ஒரு பாட்டில் சில்லி சாஸ். அவ்வளவுதான். ரொட்டியில் தடவும் ஜெல்லியைக் கறியில் ஊற்றுவதா என்று தோன்றும். சூடு ஏற ஏற ஜெல்லி உருகும். அதிலுள்ள பெக்டினும் சர்க்கரையும் குழம்பைப் பளபளப்பாக்கி உருண்டையில் ஒட்டவைக்கும். சில்லி சாஸிலுள்ள தக்காளியும் வினிகரும் உப்பும் தித்திப்பை அடக்கிவிடும். வெந்து முடிந்தபின் அதில் திராட்சை இருப்பதைப் பலராலும் கண்டுபிடிக்க முடியாது. இனிப்பும் புளிப்பும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் ருசி அது.

இந்த இரண்டு பாட்டில்களுக்கும் நீண்ட சரித்திரம் உண்டு. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கான்கார்டு ஊரில் எஃப்ரைம் வேல்ஸ் புல் 1849-இல் உருவாக்கிய கருநீலத் திராட்சைதான் இந்த ஜெல்லியின் மூலம். குளிரைத் தாங்கும், மணம் தூக்கலான கான்கார்டு திராட்சை. நியூ ஜெர்ஸியின் வைன்லேண்டில் தாமஸ் பிராம்வெல் வெல்ச் என்ற பல் மருத்துவர் 1869-இல் அதன் சாற்றைப் புளிக்காதபடி சூடாக்கிப் பதப்படுத்தினார். தேவாலயத்து நற்கருணையில் மதுவுக்குப் பதிலாகக் கொடுப்பதற்காக அவர் செய்த முயற்சி அது. அதே 1869-இல்தான் பிட்ஸ்பர்க் அருகே ஹென்றி ஹெயின்ஸ் குதிரைமுள்ளங்கியைத் துருவிப் பாட்டிலில் அடைத்து விற்கத் தொடங்கினார். தெய்வபக்தியில் பிறந்த சாறு ஜெல்லியாகவும், ஹெயின்ஸின் வியாபாரம் சில்லி சாஸாகவும் வளர்ந்து, பின்னொரு காலத்தில் ஒரே பானையில் சேர்ந்தன.

அந்தப் பானையின் கதை என்னை இன்னும் அதிகமாக ஈர்க்கிறது. யூதர்களுக்கு ஓய்வுநாளில் அடுப்பு மூட்டக் கூடாது. லிதுவேனியாவின் வில்னா நகரில் வெள்ளிக்கிழமை அந்தி சாயும் முன் பருப்பும் கறியும் நிறைத்த பானைகளை ரொட்டிக்கடை அடுப்புக்குக் கொண்டுபோவார்கள். தணியும் சூட்டிலேயே அது இரவெல்லாம் வேகும். தாய் சொல்லக் கேட்ட இந்தக் கதையிலிருந்துதான் இர்விங் நாக்சன் மின்சாரப் பானை ஒன்றை வடிவமைத்தார்; 1940-இல் காப்புரிமை பெற்றார். அவருடைய நிறுவனத்தை 1970-இல் வாங்கிய ரைவல் நிறுவனம், அடுத்த ஆண்டு அதை 'கிராக்-பாட்' என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. வேலைக்குப் போகும் பெண்கள் பெருகிக்கொண்டிருந்த காலம். அடுப்படியில் நிற்காமல் விருந்தாளிகளுடன் இருக்கலாம் என்பதைவிட ஒரு வீட்டுக்காரிக்கு வேறென்ன வேண்டும்?

ஆகவே, பாட்டில் சாஸ் என்பதற்காக இந்தப் பண்டத்தைத் தாழ்த்துவதில் எனக்கு உடன்பாடில்லை. உறைய வைத்த உருண்டைகளைப் பையோடு வாங்கிக் கொட்டுவதில்தான் எனக்கு வருத்தம். குழம்பில் மிச்சப்படும் நேரத்தை உருண்டைக்குக் கொடுக்க வேண்டும்.

கொழுப்பு ஐந்தில் ஒரு பங்கு இருக்கும் கொத்துக்கறி 900 கிராம் எடுங்கள். மாட்டுக்கறி தனியாகவோ, பன்றிக்கறி கலந்தோ இருக்கலாம். ஓரம் நீக்கிய பிரெட் 100 கிராமை அரை கோப்பைப் பாலில் ஊறவைத்துப் பிசைந்து சேர்க்க வேண்டும். கோலா உருண்டைக்குப் பொட்டுக்கடலை மாவு போல இங்கே இந்தக் கூழ். ஈரத்தைப் பிடித்துவைத்து, கறி இறுகாமல் காக்கும். ஒரு முட்டை, துருவிய வெங்காயம், உப்பு, மிளகுத்தூள் போதும். அழுத்திப் பிசைந்தால் உருண்டை ரப்பராகிவிடும்; விரல் நுனியால் கலந்தாலே போதும். 3 சென்டிமீட்டர் குறுக்களவில் உருட்டினால் 80 உருண்டை அளவில் வரும். 200 டிகிரி செல்சியஸில் கால் மணி நேரம் ஓவனில் சுட்டெடுங்கள். இதைத் தவிர்க்கவே கூடாது. மேற்புறம் சிவந்தால்தான் ருசி. கொழுப்பும் தட்டிலேயே வடிந்துவிடும். பச்சையாகப் பானையில் போட்டால் குழம்பின் மேல் எண்ணெய் மிதக்கும். உருண்டையின் நடுவில் வெப்பம் 71 டிகிரியைத் தொட வேண்டும், கோழிக்கறியானால் 74.

பிறகு பானையில் உருண்டைகளோடு 340 கிராம் சில்லி சாஸ், 300 கிராம் ஜெல்லி, ஒரு எலுமிச்சையின் சாறு. குறைந்த சூட்டில் இரண்டு மணி நேரம். அதன்பின் 'வார்ம்' நிலைக்கு மாற்றிவிட்டு விருந்தாளிகளிடம் போகலாம். பானையின் வெப்பம் 60 டிகிரிக்குக் கீழே இறங்காமல் இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் செய்து பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் கடைகளில் கிடைக்கும் சில்லி சாஸ் நூடுல்ஸுக்கான காரச் சாஸ். அமெரிக்கச் சாஸில் காரம் மிகக் குறைவு. மசாலாவும் வெங்காயமும் சேர்ந்த தக்காளிச் சாஸ் அது. ஆகவே தக்காளி கெச்சப்பில் வினிகர் ஒரு மேசைக்கரண்டி, கொஞ்சம் மிளகாய்த்தூள், பூண்டுத்தூள் கலந்துகொள்ளுங்கள். திராட்சை ஜெல்லி கிடைக்காவிட்டால், கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சையை வேகவைத்து வடிகட்டி, சர்க்கரை சேர்த்துச் சுண்டக் காய்ச்சலாம். அந்த நிறமும் மணமும் இதற்கு நன்றாகவே பொருந்தும்.

குழம்பில் மூழ்கிக் கிடக்கும் உருண்டையைப் பார்த்து அது எந்தக் கறி என்று யாராலும் சொல்ல முடியாது. மாட்டுக்கறியோ பன்றிக்கறியோ உண்ணாதவர்களும், முட்டை, பால், கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களும் உங்கள் விருந்துக்கு வரக்கூடும். பானைக்கு முன்னால் ஒரு சிறு அட்டையில் உள்ளே இருப்பவற்றை எழுதி வையுங்கள்.