பதினைந்து மாத மௌனம்

நஞ்சோடு உழைப்பவர்கள் – 9

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், ஒஹையோ ஆற்றங்கரையில் இருக்கிறது லூயிவில் நகரம். அதன் மேற்கு ஓரத்துக்கு 'ரப்பர்டவுன்' என்று பெயர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் செயற்கை ரப்பர் தயாரிப்பதற்காக வரிசையாக எழுந்த ஆலைகளால் வந்த பெயர் அது. அங்கே பி.எஃப். குட்ரிச் நிறுவனத்தின் பிவிசி ஆலையும் இருந்தது. பிவிசியோடு அந்த நிறுவனத்துக்குப் பழைய உறவு உண்டு. விறைத்து உடையும் பொருளாகக் கிடந்த பிவிசியை வளைந்து நெகிழ வைக்கும் வழியை 1926-ல் கண்டுபிடித்த வால்டோ சீமன், குட்ரிச்சின் வேதியியலாளர்தான். இன்று நம் வீட்டுத் தண்ணீர்க் குழாய், மின்கம்பியின் மேலுறை, ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றும் பை எல்லாம் அந்த வழியில் வந்தவை.

1974 ஜனவரியில் அந்த நிறுவனம் அரசுக்கு ஒரு தகவல் தந்தது. லூயிவில் ஆலையின் தொழிலாளர்கள் மூன்று பேர் கல்லீரலில் ஒரே வகையான புற்றுநோய் வந்து இறந்திருக்கிறார்கள் என்பதே அது. அடுத்த சில நாட்களில் நான்காவது பெயரும் சேர்ந்தது. நோயின் பெயர் ஆஞ்சியோசார்கோமா. கல்லீரலுக்குள் ஓடும் நுண்ணிய ரத்தக்குழாய்களின் உட்சுவரில் பிறக்கும் புற்று. அன்றைக்கு அமெரிக்கா முழுவதிலும் ஆண்டுக்கு முப்பது பேருக்குக்கூட வராத நோய். ஒரு மருத்துவர் தன் வாழ்நாளில் ஒரு நோயாளியைக்கூடப் பார்க்காமல் ஓய்வு பெற்றுவிடலாம். அது ஒரே ஆலையில், ஒரே பிரிவில் நான்கு பேருக்கு வந்திருந்தது. நால்வரும் பத்தாண்டுகளுக்கு மேல் அந்தப் பிரிவில் வேலை செய்தவர்கள். கல்லீரல் கெட்டது என்றால் முதலில் குடியைப் பற்றித்தான் கேட்பார்கள். இவர்களில் யாரும் நெடுநாள் குடித்தவர் என்று பதிவு இல்லை.

இதைக் கண்டுபிடித்தது பெரிய ஆராய்ச்சிக்கூடம் எதுவுமில்லை. ஜான் கிரீச் என்ற அறுவைச் சிகிச்சை நிபுணர். நகரத்தில் மருத்துவம் பார்த்துக்கொண்டே ஆலைக்கும் மருத்துவராக இருந்தவர். நோயாளியையும் அவர் வேலை செய்த இடத்தையும் ஒருசேர அறிந்த கண் அவருக்கு இருந்தது. இந்தத் தொடரில் இதுவரை பார்த்த ஒவ்வொரு நஞ்சின் கதையிலும் அப்படி ஒருவர் இருந்திருக்கிறார். நூறு கருவிகள் செய்யாததை அந்த ஒரு கண் செய்துவிடுகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

நால்வரும் எந்த வேலையைச் செய்தார்கள் என்று தெரிந்தால்தான் நோய் விளங்கும். வினைல் குளோரைடு நிறமற்ற வாயு. அதை அழுத்தி, தண்ணீரோடு சேர்த்து, ரியாக்டர் எனப்படும் பிரம்மாண்டமான கலத்தில் கலக்கிச் சூடாக்கினால் அதன் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நீண்ட சங்கிலியாகின்றன. வெள்ளைத் தூள் கிடைக்கிறது. அதுதான் பிவிசி. ஒவ்வொரு முறை சரக்கு இறக்கிய பிறகும், சோறு வடித்த பானையின் அடியில் பற்றிக்கொண்டிருப்பதுபோல, ரியாக்டரின் உட்சுவரில் பொருக்கு படிந்திருக்கும். அதை அப்படியே விட்டால் அடுத்த சரக்கு கெடும். ஆகவே ஒரு ஆள் மேல்வாய் வழியாக உள்ளே இறங்கி, உளியாலும் சுரண்டியாலும் அதைப் பெயர்த்தெடுக்க வேண்டும்.

பொருக்குக்குள் வினைல் குளோரைடு வாயு சிக்கிக் கிடக்கும். பெயர்க்கப் பெயர்க்க அது வெளியே வந்து, சுரண்டுபவரின் முகத்துக்கு நேரே பரவும். லேசான இனிப்பு வாசனை. சற்று நேரத்தில் தலை கிறுகிறுக்கும். குடித்தவர்போலக் கால் தள்ளாடும். மேலே ஏறி வெளிக்காற்றில் நின்றால் தெளிந்துவிடும் என்பதால் அதை யாரும் நோயாக எண்ணவில்லை. இந்த வாயுவை மயக்கமருந்தாக்கலாமா என்றுகூட ஒரு காலத்தில் மருத்துவர்கள் சோதித்துப் பார்த்தார்கள். இதயத் துடிப்பைத் தாறுமாறாக்குகிறது என்று கைவிட்டார்கள். வாசனையை நம்பி எச்சரிக்கையாக இருக்கவும் முடியாது. காற்றின் பத்து லட்சம் பங்கில் ஏறத்தாழ மூவாயிரம் பங்கு சேர்ந்த பிறகே பலருடைய மூக்குக்கு அது எட்டும். இந்த அளவுமுறையைத்தான் பிபிஎம் என்கிறோம். ஆலைகளில் அன்று அனுமதிக்கப்பட்ட வரம்பு 500 பிபிஎம்.

கல்லீரலுக்கு முன்பே கைகள் பேசியிருந்தன. அறுபதுகளின் நடுவில், ரியாக்டர் சுத்தம் செய்பவர்களின் விரல்நுனிகள் தடித்து உருண்டிருப்பதை கிரீச் கவனித்தார். எக்ஸ்ரேயில் விரல்நுனி எலும்பு கரைந்து போயிருந்தது. குளிர் பட்டால் விரல்கள் ரத்த ஓட்டம் இழந்து வெளுத்தன. சிலருக்குத் தோலும் இறுகியது. இப்படிப்பட்ட 31 பேரைப் பற்றி கிரீச்சும் சக மருத்துவர்களும் 1967-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் எழுதினார்கள். பெல்ஜியத்திலும் இதே நோய் தெரிந்திருந்தது. எலும்பையே கரைக்கிற ஒன்று உடம்புக்குள் வேறு எங்கே போகிறது என்ற கேள்வி அப்போதே எழுந்திருக்க வேண்டும்.

இத்தாலியில் ஒருவருக்கு எழுந்தது. சோல்வே நிறுவனத்தின் மருத்துவர் பி.எல். வயோலா, கைநோயை எலிகளிடம் உண்டாக்கிப் பார்க்க முயன்றார். அவர் கொடுத்த அளவு மிக அதிகம்: 30,000 பிபிஎம். எலிகளுக்குப் புற்றுநோய் வந்தது. 1970-ல் ஹூஸ்டனில் நடந்த புற்றுநோய் மாநாட்டில் அதைச் சொன்னார். மறு ஆண்டு அச்சிலும் வந்தது. ஐரோப்பிய நிறுவனங்கள் கலங்கி, பொலோன்யா நகரின் புற்றுநோய் ஆய்வாளர் சேசரே மால்தோனியிடம் பெரிய சோதனை ஒன்றை ஒப்படைத்தன. பல அளவுகளில், நூற்றுக்கணக்கான எலிகளிடம் செய்த சோதனை. 250 பிபிஎம் அளவிலேயே எலிகளின் கல்லீரலில் ஆஞ்சியோசார்கோமா தோன்றியதை அவர் கண்டார். லூயிவில்லில் மனிதர்களைக் கொன்ற அதே அரிய புற்று. தொழிலாளர்கள் சுவாசிக்கலாம் என்று அனுமதித்த அளவில் அது சரிபாதி.

அந்த முடிவு உடனே உலகுக்குச் சொல்லப்பட்டிருக்க வேண்டும். 1972 அக்டோபரில் அமெரிக்க ரசாயன உற்பத்தியாளர் சங்கம் ஐரோப்பிய நிறுவனங்களோடு ஓர் உடன்பாடு செய்துகொண்டது: ஆய்வு விவரங்களைப் பகிர்ந்துகொள்ளலாம், அவர்கள் சம்மதமில்லாமல் வெளியே விடக்கூடாது. 1973 ஜனவரியில் அமெரிக்க நிறுவனங்களுக்கு மால்தோனியின் எண்கள் தெரியும். அதே மாதக் கடைசியில், தொழிலாளர் நலத்துக்கான அமெரிக்க அரசின் ஆய்வு நிறுவனம், வினைல் குளோரைடு உள்ளிட்ட சில ரசாயனங்களின் ஆபத்து பற்றித் தெரிந்ததைத் தெரிவியுங்கள் என்று வெளிப்படையாகக் கேட்டது. ஜூலையில் நிறுவனங்களின் பிரதிநிதிகள் அந்த அதிகாரிகளை நேரில் சந்தித்தார்கள். மால்தோனியின் முடிவுகளை அவர்கள் முன் வைக்கவில்லை.

உடன்பாடு கையெழுத்தானதிலிருந்து குட்ரிச் வாய்திறந்த நாள்வரை பதினைந்து மாதங்கள். ரியாக்டர்களுக்குள் ஆட்கள் இறங்கிக்கொண்டேதான் இருந்தார்கள். அவர்களுடைய மனைவிமாருக்கும் தெரியாது, குடும்ப மருத்துவருக்கும் தெரியாது. இந்த வாயுவைத்தான் அன்றைய ஹேர் ஸ்பிரே, பூச்சிமருந்து டப்பாக்களில் சிலவற்றில் உந்துவாயுவாக அடைத்து விற்றார்கள். ஒப்பனை அறையில் நின்று தலைமுடிக்கு அடித்துக்கொண்ட பெண்களுக்கும் தெரியாது. 1974-ல்தான் அந்தப் பயன்பாடு தடை செய்யப்பட்டது.

இந்த மறைப்பு எப்படி வெளியே வந்தது? லூசியானா மாநிலத்தில், வினைல் குளோரைடு ஆலையில் வேலை செய்து புற்றுநோயால் இறந்த ஒருவரின் மனைவி வழக்குத் தொடுத்தார். அந்த வழக்கில் நிறுவனங்களின் உள்சுற்றுக் கடிதங்கள் மூட்டை மூட்டையாக வெளிவந்தன. வரலாற்றாசிரியர்கள் ஜெரல்ட் மார்கோவிட்ஸும் டேவிட் ராஸ்னரும் அவற்றை வரி விடாமல் படித்து 2002-ல் புத்தகமாக எழுதினார்கள். அறியாமையால் நடந்துபோனது என்று சொல்ல அந்தக் கடிதங்கள் இடமே வைக்கவில்லை.

அமெரிக்க அரசு இந்த முறை வேகமாக நடந்தது. 1974 ஏப்ரலில் வரம்பு 50 பிபிஎம்முக்கு இறக்கப்பட்டது. அக்டோபரில் 1 பிபிஎம் என்று இறுதி விதி வந்தது. தொழில் தரப்பு அலறியது. இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட வேலைகள் போகும், 6,500 கோடி முதல் 9,000 கோடி டாலர்வரை நஷ்டம், தொழிலே படுத்துவிடும் என்றார்கள். நீதிமன்றம் போனார்கள், 1975 ஜனவரியில் தோற்றார்கள். பிறகு? உள்சுவரில் பொருக்கு ஒட்டாமலிருக்க ஒரு பூச்சு கண்டுபிடித்தார்கள். ஆள் இறங்காமலே, உயர் அழுத்தத் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவும் முறை வந்தது. வீணாய்ப் போய்க்கொண்டிருந்த வாயுவைப் பிடித்து மறுபடி பயன்படுத்தினார்கள். இந்தத் தொழில்நுட்பத்தைப் பிற நிறுவனங்களுக்கு உரிமம் கொடுத்துச் சம்பாதித்தது குட்ரிச் நிறுவனம்தான். பிவிசி உற்பத்தி குறையவில்லை, வளர்ந்தது. மாசுக் கட்டுப்பாடு, தொழிலாளர் பாதுகாப்பு என்று பேச்செடுத்தாலே 'ஆலையை மூட வேண்டியதுதான்' என்று மிரட்டுகிறவர்களிடம் இந்த ஒரு கதையைச் சொன்னால் போதும்.

ஆனால் பழைய ஆட்களின் உடம்பில் விதை ஏற்கெனவே விழுந்திருந்தது. கல்லீரலில் உள்ள ஒரு நொதி, வந்த வாயுவை வெளியேற்றும் முயற்சியில் அதைக் குளோரோஎத்திலீன் ஆக்சைடாக மாற்றுகிறது. அது டிஎன்ஏவோடு ஒட்டிக்கொண்டு, செல் பிரியும்போது எழுத்துப் பிழைகளை உண்டாக்குகிறது. பிழைகள் சேர்ந்து புற்றாக இருபது ஆண்டுகளுக்கு மேலும் ஆகலாம். லூயிவில் ஆலையில் மட்டும் இந்தப் புற்றால் இறந்தவர்கள் காலப்போக்கில் இருபதைத் தாண்டினார்கள். வரம்பு இறங்கிய பிறகு வேலைக்குச் சேர்ந்தவர்களிடம் அது மிக அரிதாகிவிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வினைல் குளோரைடை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான முதல் வகுப்பில் வைத்திருக்கிறது. ஆஞ்சியோசார்கோமாவோடு, கல்லீரலில் பரவலாக வரும் சாதாரணப் புற்றும் அந்தக் கணக்கில் உண்டு.

இத்தாலியில் வெனிஸுக்கு அருகே போர்த்தோ மார்கேரா ஆலையில் கப்ரியேலே பொர்த்தோலோஸ்ஸோ என்ற தொழிலாளி, இறந்துபோன சக தொழிலாளர்களின் பட்டியலைத் தானே வீடு வீடாகப் போய்த் தொகுத்து, அரசு வழக்கறிஞர் ஃபெலிச்சே காசோனிடம் கொடுத்தார். வழக்கு நடப்பதைப் பார்க்க அவர் இல்லை, 1995-ல் இறந்துவிட்டார். 2001-ல் நிர்வாகிகள் அனைவரும் விடுவிக்கப்பட்டார்கள். மேல்முறையீட்டில், 2004-ல், ஒரே ஒரு சாவுக்காக ஐந்து பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. அத்தனை சாவுகளுக்கு அவ்வளவுதான் நீதி.

இப்போது உங்களுக்கு ஒரு கேள்வி எழும்: வீட்டில் இருக்கும் பிவிசி குழாய் ஆபத்தா? குழாயும் வாயுவும் ஒன்றல்ல. மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்துக்கொண்ட பிறகு வினைல் குளோரைடாக எஞ்சியிருப்பது மிகச் சொற்பம். ஆபத்து, ஆலையில் அதைக் கையாள்பவர்களுக்கும் அது கசியும் இடத்தில் குடியிருப்பவர்களுக்கும்தான். பிவிசியைத் தெருவில் போட்டுக் கொளுத்துவது வேறு வகைக் கேடு. அதைச் செய்யாதீர்கள்.

கசிவுக்கு ஒஹையோ மாநிலத்தின் கிழக்கு பாலஸ்தீன் ஊர் அண்மைச் சாட்சி. 2023 பிப்ரவரி 3 இரவு அங்கே சரக்கு ரயில் ஒன்று தடம்புரண்டது. ஐந்து டாங்கர்களில் வினைல் குளோரைடு. உள்ளே அது தானாகச் சங்கிலி கோத்து வெப்பமேறி வெடிக்கப் போகிறது என்று அஞ்சி, மூன்றாம் நாள் அதைத் திறந்துவிட்டு எரித்தார்கள். கரும்புகை ஊரை மூடியது. அப்படி எதுவும் உள்ளே நடக்கவில்லை என்று அந்த வாயுவைத் தயாரித்த நிறுவனத்தின் நிபுணர்கள் கருதியிருந்தார்கள். முடிவெடுக்க வேண்டியவரின் காதுக்கு அது போய்ச் சேரவில்லை. எரித்தது தேவையில்லாத செயல் என்று 2024-ல் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முடிவு சொன்னது. ஐம்பது ஆண்டு கழித்தும் அதே நோய்தான்: தெரிந்தது ஓரிடத்தில் இருக்கிறது, மூச்சு விடுகிறவர் வேறிடத்தில் இருக்கிறார்.

நமக்கும் இதில் பங்கு உண்டு. மேட்டூரில் அறுபதுகளின் இறுதியிலேயே பிவிசி உற்பத்தி தொடங்கிவிட்டது. கடலூர் சிப்காட்டில் 2009 முதல், கப்பலில் இறக்குமதியாகும் வினைல் குளோரைடைக் கொண்டு பிவிசி தயாராகிறது. எந்த ஆலையையும் இங்கே நான் குற்றம் சொல்லவில்லை. அந்த ஆலைகளில் உழைத்தவர்களும் சுற்றிக் குடியிருப்பவர்களும் லூயிவில்லின் கதையைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்கிறேன். போபாலுக்குப் பிறகு, 1987-ல், நம் தொழிற்சாலைகள் சட்டத்தில் 41பி, 41சி, 111ஏ பிரிவுகள் சேர்ந்தன. கையாளும் ரசாயனத்தின் ஆபத்தைத் தொழிலாளிக்கும் அக்கம்பக்கத்து மக்களுக்கும் நிர்வாகம் சொல்லியாக வேண்டும்; உடல்நலப் பதிவேட்டைத் தொழிலாளி கேட்டுப் பார்க்கலாம் என்றன அவை. தன் பாதுகாப்பு பற்றிய விவரத்தைக் கேட்டுப் பெறும் உரிமையை 2020-ன் தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் தொழிலாளிக்குத் தருகிறது. ஒப்பந்தத் தொழிலாளி இரண்டு வருடம் ஓர் ஆலை, மூன்று வருடம் இன்னோர் ஆலை என்று மாறிக்கொண்டே போகிறார். இருபது ஆண்டு கழித்து வரும் நோய்க்கு அவருடைய பதிவேட்டை யார் வைத்திருப்பார்கள்?

ஆகவே இதைப் படிக்கும் தொழிலாளத் தோழர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் ஒரு வேண்டுகோள். எந்த ஆலை, எந்தப் பிரிவு, எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை, ரியாக்டர் சுத்தம் செய்தீர்களா என்பதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஒப்பந்தக்காரர் தந்த அடையாள அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். வயிற்று வலி, மஞ்சள் காமாலை, விரல் வெளுப்பு என்று மருத்துவரிடம் போனால், அவர் கேட்காவிட்டாலும் நீங்களே உங்கள் வேலையைச் சொல்லுங்கள். வழக்கமான ரத்தப் பரிசோதனை ஆரம்பத்தில் எல்லாம் சரி என்றே காட்டக்கூடும். அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் வேண்டுமா என்று கேளுங்கள். மருத்துவர்களாக இருக்கும் வாசகர்களே, பெயர், வயது கேட்டவுடன் 'என்ன வேலை பார்த்தீங்க?' என்றும் கேளுங்கள்.

(அடுத்த வாரம்: பென்சீன்)