உப்பு முதலில், ஆணி கடைசியில்

பக்ரீத் முடிந்தாலும் சரி, கோயில் கொடையில் கிடா வெட்டினாலும் சரி, ஒரே தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. நல்ல ஆட்டுத்தோலை விரிப்பாக்கும் ஆசையில் மொட்டை மாடியில் காயப்போடுகிறார்கள். இரண்டு நாளில் அது பலகைபோல் விறைக்கிறது. காய்ந்துவிட்டதென்று சுவரில் ஆணியடித்து மாட்டுகிறார்கள். ஐப்பசி மழையில் பச்சையும் வெள்ளையுமாகப் பூஞ்சை படர்கிறது, நீவினால் முடி கொத்தாகக் கையோடு வருகிறது. அப்போதுதான் பினாயிலைத் தேடுகிறார்கள். உரித்த அன்றே தொடங்கிவிட்ட கேட்டுக்குப் பினாயில் என்ன செய்யும்?

பச்சைத் தோலின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நீர். நம் ஊர் வெக்கையில் சில மணி நேரத்திலேயே பாக்டீரியாக்கள் முடிவேரைத் தளர்த்தத் தொடங்கும். உச்சி வெயில் மேற்பரப்பை மட்டும் ஓடாக்கும். உள்ளே சிக்கிய ஈரம் வெளியேற வழியின்றித் தோலை அழுகவைக்கும். பறைக்கான தோலை அந்தக் காலத்திலிருந்தே வெயிலில்தானே காயவைக்கிறார்கள் என்று கேட்கலாம். பறைத்தோலில் முடி கிடையாது. இழுத்துக் கட்டப்பட்டு இருபுறமும் காற்றுப் படுகிறது. அடிக்கும் முன் தீயில் காய்ச்சவும் செய்கிறார்கள். முடியோடு கூடிய விரிப்புக்கு இவற்றில் ஒன்றும் வாய்ப்பதில்லை.

ஆகவே உரித்த இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் உப்பு ஏறிவிட வேண்டும். தோலை நிழலில் விரித்து, சதைப்புறத்துக் கொழுப்பையும் சவ்வையும் மழுங்கிய கத்தியால் சுரண்டுங்கள். கொழுப்பு இருக்குமிடத்தில் உப்பு இறங்காது. தோலின் எடையில் பாதி உப்பு வேண்டும்: 2 கிலோ தோலுக்கு 1 கிலோ. ஒரு பிடி உப்பைத் தூவி விடுவது உப்பிடாததற்குச் சமம். கழுத்து, கால் மடிப்பு, சுருண்ட ஓரம் எல்லாவற்றிலும் அழுத்தித் தேயுங்கள். கெடுவது பெரும்பாலும் அங்கிருந்துதான். சாய்வான பலகையில் வைத்து நீரை வடியவிடுங்கள். மறுநாள் நனைந்த உப்பை உதறிவிட்டுப் புது உப்பு இடுங்கள். உதறிய உப்பைக் காயவைத்து மீண்டும் பயன்படுத்தவே வேண்டாம். அதில் உப்பைத் தாங்கி வாழும் கிருமிகள் இருக்கும். பச்சைத் தோலைத் தொடும்போது கையுறை கட்டாயம்; நோயுற்றுச் செத்த ஆட்டின் தோலை உரிக்கவே கூடாது, அடைப்பான் நோய் தோல் வழியாகவும் பரவும்.

உப்பிட்டாயிற்றே, இனி மாட்டலாமே என்பது அடுத்த தவறு. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பே காற்றிலிருந்து நீரை இழுக்கும். மழைக்காலச் சென்னையில் அது அன்றாட நிலை. உப்புத் தோல் பாதி வழிதான். உப்பைக் கழுவி, பதனிட்ட பிறகே அது விரிப்பு. ஆம்பூர், வாணியம்பாடி, திண்டுக்கல், ஈரோடு எனத் தோல் பதனிடும் ஷாப்புகள் உள்ள ஊர்களில் கொடுக்கும்போது 'முடியோடு பதனிட வேண்டும்' என்று முதலிலேயே சொல்லி, ரசீதிலும் எழுதி வாங்குங்கள். சொல்லாவிட்டால் வழக்கம்போல் சுண்ணாம்புத் தொட்டிக்குப் போய் முடி உதிர்ந்துவிடும். வீட்டில் படிக்காரம் போட்டால் போதாதா? தண்ணீர் பட்டால் படிக்காரம் கரைந்து வெளியேறும், தோல் பழைய நிலைக்கே திரும்பும். பதனிட்ட தோலைச் சட்டத்தில் கட்டி, நிழலில், காற்றோட்டத்தில் உலர்த்த வேண்டும். பின்புறம் பருத்தித் துணி தையுங்கள். ரெக்சினும் பிளாஸ்டிக்கும் ஈரத்தை அடைத்துவைக்கும். மழைநீர் ஊறும் வெளிச்சுவரில் மாட்டாதீர்கள். எந்தச் சுவரானாலும் மரச்சட்டம் கொடுத்துக் காற்றுக்கு இடைவெளி விடுங்கள்.

தாத்தா காலத்துப் புலித்தோலோ வெளிமான் தோலோ பூஞ்சை பிடித்திருந்தால் தூரிகையைத் தொடாதீர்கள். பாடம் செய்த பழைய தோல்களில் ஆர்சனிக் தடவியிருப்பார்கள். தட்டினால் அந்தத் தூசி மூச்சில் ஏறும். அதைவிட முக்கியம், 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தலைமை வன உயிரினக் காப்பாளர் தந்த உரிமைச் சான்றிதழ் இருக்கிறதா என்று பாருங்கள். வாரிசாகப் பெற்றவர் 90 நாளுக்குள் அவரிடம் அறிவிக்க வேண்டும். எழுத்துப்பூர்வ அனுமதியின்றிச் சுத்தம் செய்யக்கூட வெளியே அனுப்பாதீர்கள். வைத்திருக்க விருப்பமில்லையென்றால், சான்றிதழ் உள்ளவர் 7 வேலை நாள் முன்னறிவிப்போடு ஒப்படைக்க 2022ஆம் ஆண்டுத் திருத்தம் வழி தருகிறது, இழப்பீடு கிடைக்காது. சான்றிதழே இல்லாதவர்கள் எரிப்பதும் குப்பையில் வீசுவதும் பெரும் தவறு. வழக்கறிஞரைக் கலந்து மாவட்ட வன அலுவலருக்கு எழுதுங்கள். 'விட்டுட்டுப் போங்க, பார்த்துக்கிறோம்' என்ற பேச்சை நம்பி வெறுங்கையோடு திரும்பாதீர்கள். முத்திரையிட்ட ஒப்புகைச் சீட்டு கையில் இல்லையென்றால், நாளை விசாரணை வரும்போது நீங்கள் கொடுத்ததற்குச் சாட்சி கிடையாது.

ஆட்டுத்தோலுக்கு இத்தனை அலைச்சல் இல்லை. இருந்தும் அதுதான் அதிகம் வீணாகிறது, ஏனென்றால் அறுத்த பிறகே உப்பைப் பற்றி நினைக்கிறோம். கறிக்காரரிடம் நாள் சொல்லும்போதே உப்பு மூட்டையும் வீட்டில் இருக்கட்டும். மாலையில் வாங்கிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால், அந்தத் தோலை விரிப்பாக்கும் எண்ணத்தை அப்போதே விட்டுவிடுங்கள்.