முதுகுக்கு மாத்திரை... வயிற்றுக்கு வேட்டு!

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் குழித்தறிக்குள் காலை விட்டு நாள் முழுக்கக் குனிந்து நெய்கிறவருக்கு முதுகுவலி. ஆபீஸ் நாற்காலியில் எனக்கும் அதேதான்! மெடிக்கல் ஷாப்பில் இரண்டு பேரும் கேட்பது ஒன்றே: 'டைக்ளோஃபினாக் குடுங்க.'

வலி போகும், வயிறு எரியும். ஏன்? 1971-ல் லண்டனில் ஜான் வேன் கண்டுபிடித்தார்... ஆஸ்பிரின் வகையறா மாத்திரைகள் வலியைக் கூட்டும் புராஸ்டாகிளாண்டினைத் தடுக்கின்றன. வயிற்றின் உள்சுவரை அமிலத்திடமிருந்து காப்பதும் அதேதான். காவல்காரனையே அனுப்பிவிட்டால்? புண்தான்!

'சாப்பிட்டுட்டுப் போட்டா ஒண்ணும் ஆகாது' என்பார்கள். நம்பாதீர்கள். ஊசியாகப் போட்டாலும் ரத்தம் வழியே போய்த் தன் வேலையைக் காட்டும். வரதராஜர் கோயில் இட்லியின் சுக்கும் மிளகும் இந்தப் புண்ணை ஆற்றாது!

பழைய அல்சர் இருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். வயிற்றைக் காக்கும் மாத்திரையும் சேர்த்துத் தருவார். மலம் தார் மாதிரி கறுத்தால் உள்ளே ரத்தம் கசியலாம். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க சார்!