செவியும் சொல்லும்

பிறந்த குழந்தையின் வலச்செவியில் பாங்கு சொல்வது நம் இல்லங்களில் வழிவழியாக வரும் வழக்கம். பொருள் அறியாப் பச்சிளம் குழந்தைக்கும் முதற்கண் ஒலியையே ஊட்டுகிறோம். ஆயின் அச்செவி அதனைக் கேட்டதா என்று சோதிக்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் வேரூன்றவில்லை.

மொழி கற்பிக்கும் நாம் இதனை எண்ணிப்பார்க்கக் கடமைப்பட்டுள்ளோம். 'ஊமை' என்று உலகம் ஒதுக்கிய குழந்தைகளுள் பெரும்பாலோர்க்கு நாவிலோ தொண்டையிலோ குறையில்லை, குறை செவியில்தான். கேளாத சொல்லை நா எங்ஙனம் உரைக்கும்? "இவன் தகப்பனும் மூன்று வயதில்தான் பேசினான்" என்று வீட்டுப் பெரியோர் ஆறுதல் கூறுவர். மூளை மொழியை விரைந்து பற்றும் தொடக்க ஆண்டுகள் அவ்வாறுதலிலேயே கழிந்துவிடுகின்றன.

காது, மூக்கு, தொண்டை மூன்றுக்கும் மருத்துவர் ஒருவரே ஆவது ஏன்? நடுச்செவியையும் மூக்கின் பின்னுள்ள தொண்டைப் பகுதியையும் ஊஸ்டேக்கியன் குழல் இணைக்கிறது. குழந்தைகட்கு அது குட்டையாகவும் கிடையாகவும் அமைவதால் சளி பிடித்தால் காதில் சீழ் வைப்பது எளிது. அந்நிலையில் எண்ணெய் காய்ச்சி ஊற்றுவதும் கோழியிறகால் குடைவதும் கேட்டையே விளைவிக்கும். கிழிந்த செவிப்பறைக்கு ஒட்டு வைத்தல், மூக்கடியில் வளர்ந்த சதையை நீக்கல், குரல்வளையை ஆராய்தல் யாவும் இம்மருத்துவரின் பணிகளே. உள்நாக்குச் சதையை அகற்றும் முறையைக் குர்துபா நகரத்து அறிஞர் அல்-ஸஹ்ராவி ஆயிரம் ஆண்டுகட்கு முன்பே எழுதி வைத்தார். ஆடிகளைக் கொண்டு தம் குரல்வளையைத் தாமே 1854இல் கண்டவரோ மருத்துவர் அல்லர். மானுவல் கார்சியா என்னும் இசையாசிரியர்! மூன்று வாரங்கட்கு மேலும் தொண்டைக் கட்டு நீங்காத ஆசிரியப் பெருமக்கள் இதனை நினைவிற் கொள்க.

பிறவிச் செவிடுக்கு வருவோம். உட்செவியில் நத்தை வடிவிலுள்ள காக்ளியாவின் நுண்மயிர்ச் செல்கள் பழுதுற்றால், ஒலியைப் பெருக்கும் கருவி சிலர்க்குப் போதாது. அவர்கட்குக் காக்ளியர் கருவியை அறுவை மூலம் பொருத்துவர். அது செவி நரம்பை மின்துடிப்பால் நேரே தூண்டும். பல இலட்ச ரூபாய் பெறுமான இச்சிகிச்சை, தமிழக முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுடைய 6 வயதுக்குட்பட்ட குழந்தைகட்குக் கட்டணமின்றிக் கிடைக்கிறது. மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலும் இது செய்யப்படுகிறது. உசிலம்பட்டியிலிருந்தும் மேலூரிலிருந்தும் சென்னைக்கு அலைய வேண்டுவதில்லை.

சமுதாயப் பெரியோர்க்கு ஒன்று. தாய்மாமனை மணத்தல் நம் மார்க்கத்தில் விலக்கு. மாமன் மகள், அத்தை மகள் உறவில் தடையில்லை. தடையின்மை வேறு, தலைமுறைதோறும் அதனையே நாடுவது வேறு. பிறவிச் செவிடு தோன்ற நெருங்கிய இரத்த உறவு மணமும் ஒரு காரணம் என்பது மருத்துவம் கண்ட உண்மை. அத்தகைய குடும்பத்தில் பிறந்த குழந்தையை முதல் மாதத்திலேயே சோதிப்பது நன்று. காதில் சிறு முனையொன்றைப் பொருத்தி, குழந்தை உறங்கும்போதே சில நிமிடங்களில் முடிக்கும் சோதனை அது, வலியில்லை.

அறுவை முடிந்த அன்றே குழந்தை பேசிவிடாது. சில வாரங்கள் கழித்துக் கருவியை இயக்குவர். அதன்பின் மாதக்கணக்கில், ஒலியையும் சொல்லையும் ஒவ்வொன்றாகப் பழக்க வேண்டும். அப்பயிற்சியில் பெரும்பங்கு தாய்க்கே.