ஒரு நாள் ஓலையும் பல வருஷ ஓலையும்

முகூர்த்தம் முடிந்து மண்டபத்தைக் காலி செய்யும்போது குப்பை வண்டியில் ஏறுபவை பெரும்பாலும் முந்தின நாள் இரவு மேடையில் ஏறியவைதான். மணமக்கள் பெயரை வெட்டி ஒட்டிய தெர்மாக்கோல், பிளாஸ்டிக் பூச்சரம், பூக்குச்சிகளைக் குத்தி நிறுத்திய பச்சை ஃபோம் கட்டி, பலூன், ஜிகினாத் தாள். அரை நாள் கண்ணுக்கு அழகாக இருப்பதற்காக வாங்கிய இவை மண்ணில் பல தலைமுறைக்குக் கிடக்கும். அதே கல்யாணத்தில் விருந்தாளி கையில் கொடுத்தனுப்பிய பரிசோ வீட்டுக்குப் போன வாரமே பரணில் ஏறிவிடுகிறது. ஒரு நாள் இருந்தால் போதும் என்பதற்கு அழியாத பொருளையும், வருஷக்கணக்கில் இருக்கவேண்டியதற்கு ஒரு வாரம் தாங்காத பொருளையும் தேர்ந்தெடுத்துப் பழகிவிட்டோம். கல்யாண அலங்காரத்தில் அழகு, செலவு, புதுமை என்று பலதையும் பேசுகிறோம். பொருளின் ஆயுளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. முதலில் பேசவேண்டியது அதைத்தான் என்பது என் கட்சி. அதற்குச் சாட்சி சொல்ல ஓலையைக் கூப்பிடலாம். பச்சையாக இருக்கும்போது ஒரு நாள் தோரணம், காய்ந்தபின் பல வருஷம் உழைக்கும் கொட்டான் என்னும் கூடை என்று கல்யாணத்தின் இரண்டு வேலைகளையும் அது நெடுங்காலமாகச் செய்துவருகிறது.

முதலில் பச்சை ஓலை. தென்னையின் உச்சியில், விரியாமல் ஈட்டிபோல் நிமிர்ந்து நிற்கும் இளமட்டைதான் குருத்து. அதன் ஓலைகள் ஒன்றோடொன்று நெருக்கமாக மடிந்து ஒட்டிக்கொண்டிருப்பதால் உள்ளே வெயில் படுவதில்லை. பூக்கும் தாவரங்களில் பச்சையம் உருவாவதன் கடைசிக் கட்டங்களில் ஒன்றுக்கு ஒளி வேண்டும். ஒளி கிடைக்காத குருத்தில் பச்சை ஏறாமல் இளமஞ்சள் நிறம் மட்டும் தங்கிவிடுகிறது. தோரணத்தின் அந்த வெண்மஞ்சள் நிறத்துக்குச் சாயம் ஏதும் கிடையாது, வெயில் படாததுதான் காரணம். இன்னொரு லாபமும் உண்டு. முற்றிய ஓலையில் நார்ச் சுவர்கள் கட்டிப்பட்டிருக்கும், அதை மடித்தால் ஒடியும். குருத்தில் அந்த இறுக்கம் இன்னும் வரவில்லை என்பதால் எப்படி மடித்தாலும் வளைந்துகொடுக்கும். மேல்தோலின் மெழுகுப் பூச்சும் முதிர்ந்திராது, ஆகவே வெட்டியபின் ஈரம் சீக்கிரம் போய்விடும். ஒரு நாளில் ஓரம் சுருளத் தொடங்கும், அடுத்த சில நாளில் பழுப்பேறும். வளைகிற குணமும் வாடுகிற குணமும் ஒரே இளமையின் விளைவு. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விலக்க முடியாது. விலக்கவேண்டிய தேவையும் கல்யாணத்துக்கு இல்லை.

தோரணம் வெட்டுகிறவரின் கை என்ன செய்கிறது என்று அருகிலிருந்து பார்த்தால் இந்தக் குணங்கள் ஒவ்வொன்றும் பயன்படுவது தெரியும். தென்னை ஓலையில் நரம்புகள் நெடுக ஒரே திசையில் ஓடுகின்றன. நகத்தால் கீறி இழுத்தாலே ஒரே அகலத்தில் நாடா வரும், குறுக்கே கிழியாது. ஓலையை ஈர்க்கில் இரண்டாக மடித்து, ஓரத்திலிருந்து மடிப்பை நோக்கிச் சாய்வாகக் கத்தியால் கீறி, மடிப்பைத் தொடுவதற்குச் சற்று முன்னாலேயே நிறுத்திவிடுவார்கள். விரித்தால் இரண்டு பக்கமும் ஒரே அளவில் பற்கள். ஒன்றுவிட்டு ஒன்றைப் பின்னுக்கு மடித்துச் செருகினால் பூவோ குருவியோ உருவாகிவிடுகிறது. கயிற்றில் மாட்ட முடிச்சும் தேவையில்லை; ஓலையைக் கயிற்றின்மேல் மடித்துப்போட்டு, அதிலேயே கீறிய பிளவில் வாலை நுழைத்து இழுத்தால் பூட்டிக்கொள்ளும். மடித்தபடி வெட்டு, விரித்தால் கோலம் என்னும் இந்தச் சூத்திரத்தைத் தென்னந்தோப்புக்காரர்கள் வேறோர் இடத்தில் பார்த்து வயிறெரிந்திருப்பார்கள். காண்டாமிருக வண்டு மடிந்த குருத்தைத் துளைத்துத் தின்றுவிட்டுப் போகும். பிறகு மட்டை விரியும்போது இரு பக்கமும் சீராக, விசிறியைக் கத்தரித்ததுபோல் வெட்டுகள் தெரியும். யாழ்ப்பாணத் தமிழர் வழக்கத்தில் இந்த ஓலைக் குருவிக்கு ஒரு மொழியே உண்டு: தலை மேல்நோக்கியிருந்தால் மங்கல வீடு, கீழ்நோக்கியிருந்தால் துக்க வீடு. பிளாஸ்டிக் சரத்துக்கு அப்படியொன்று சொல்லத் தெரியாது.

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். குருத்தை வெட்டினால் மரம் கெடாதா? தென்னைக்கு வளரும் முனை ஒன்றே ஒன்று. அதில் கத்தி பட்டால் மரமே போய்விடும். முனையைத் தொடாமல் குருத்தை மட்டும் எடுத்தாலும் நஷ்டம் இல்லாமல் இல்லை: நெட்டைத் தென்னை ஒன்று வருஷத்துக்கு ஏறக்குறைய 12 முதல் 14 மட்டைதான் விடுகிறது. ஒரு குருத்து போனால் காய்க்கு உணவு தயாரிக்கும் மட்டைகளில் ஏறக்குறைய ஒரு மாத விளைச்சல் போகிறது. வெட்டுவாயின் வாசனைக்குச் செவ்வண்டும் வரும். ஆகவே மரத்துக்கு ஒன்றும் ஆகாது என்று அலங்காரக்காரர் சொன்னால் நம்பவேண்டாம். ஆனால் எவ்வளவு தேவை என்பதையும் கணக்குப் பார்க்கவேண்டும். ஒரு மட்டையில் 200 முதல் 250 வரை ஓலைகள் இருக்கும். நுனியிலும் அடியிலும் உள்ள குட்டை ஓலைகளைத் தள்ளி 150 ஓலை தேறுகிறது என்று வைத்துக்கொண்டாலும், அரை அடிக்கு ஒன்றாகக் கட்டினால் 75 அடித் தோரணம் ஒரே குருத்திலிருந்து வந்துவிடும். வாசல், மணவறை, பந்திக் கூடம் எல்லாவற்றுக்கும் நாலைந்து குருத்து தாராளம். காய்ப்பு ஓய்ந்து வெட்டப்போகிற மரங்கள், சாலை விரிவாக்கத்தில் சாய்க்கும் மரங்கள், காற்றில் விழுந்தவை என்று தோப்புள்ள பகுதியில் இந்த நாலைந்துக்குப் பஞ்சமில்லை. உயிருள்ள மரத்தில் எடுத்தே ஆகவேண்டும் என்றால் மரத்துக்கு ஒன்றோடு நிறுத்தி, குருத்தையொட்டிய மட்டை இடுக்குகளில் வேப்பங்கொட்டைத் தூளை மணலோடு கலந்து போட்டுவிடலாம்.

அடுத்த ஆட்சேபம் அலங்காரத் தொழிலில் இருப்பவர்களிடமிருந்து வரும். செயற்கைப் பூவை ஒரு தடவையோடு எறிவதில்லை, நூறு கல்யாணத்துக்கு வாடகைக்குப் போகிறது, வாடிப்போகும் பூவைவிட அதுதானே சிக்கனம்? இதில் பாதி உண்மை. துணிப்பூ, மரச்சட்டம், பித்தளை விளக்கு, ஜமக்காளம், பட்டுத் திரை எல்லாமே நீண்ட ஆயுளுக்கென்று செய்தவை. அவற்றை வாடகைக்கு எடுத்து மீண்டும் மீண்டும் பயன்படுத்துவது என் வாதத்துக்கு எதிரானதே அல்ல, அதே வாதத்தின் இன்னொரு பக்கம். சிக்கல் எதில் என்றால், அழியாத பொருளில் ஒரே கல்யாணத்துக்கு மட்டும் உதவும்படி செய்தவற்றில். மணமக்கள் பெயரும் தேதியும் தாங்கிய தெர்மாக்கோலை எந்த இரண்டாவது ஜோடி வாங்கும்? பூ குத்தும் பச்சை ஃபோம் கட்டியும் இப்படித்தான். அது ஃபீனாலும் ஃபார்மால்டிஹைடும் சேர்ந்த பிசினை நுரைக்கவைத்துச் செய்தது; ஒரு தடவை குத்திய ஓட்டை மூடாது, கையில் பிசைந்தால் தூளாகி வாய்க்காலுக்குப் போகும். ஈர மணலும் வாழைத்தண்டுத் துண்டும் அந்த வேலையை ஒரு நாளுக்குச் செய்யும். சட்டமும் இந்த வேறுபாட்டைக் கவனித்திருக்கிறது. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடைசெய்யப்பட்ட ஒருமுறைப் பயன்பாட்டுப் பிளாஸ்டிக் பட்டியலை வாசித்தால் கல்யாண மண்டப வாசனை அடிக்கும்: அலங்காரத் தெர்மாக்கோல், பலூன் குச்சி, தட்டு, டம்ளர், அழைப்பிதழ்மேலும் இனிப்புப் பெட்டிமேலும் சுற்றும் பிளாஸ்டிக் தாள். தடை வந்தபிறகும் இவை எத்தனை மேடைகளில் ஏறுகின்றன என்று சொல்லவேண்டியதில்லை.

இனி விருந்தாளி கைக்கு வருவோம். தாம்பூலப் பையின் பழைய உள்ளடக்கத்தில் ஒரு நேர்த்தி உண்டு. வெற்றிலை, பாக்கு, மஞ்சள், பழம், தேங்காய் எல்லாமே தீர்ந்துபோகிறவை, பையொன்றுதான் தங்கும். வெற்றிலை போடும் பழக்கம் குறைந்துவிட்டதால் கொடுப்பது வீண் என்பார்கள். வெற்றிலையைப் பொறுத்தவரை ஒப்புக்கொள்ளலாம், சம்பிரதாயத்துக்கு இரண்டு போதும். தேங்காய் வீணாவதில்லை, அடுத்த நாள் சட்னியாகிவிடுகிறது. தங்குகிற பையில்தான் ஏமாற்று நடக்கிறது. மஞ்சள் நிறத்தில், துணியென்றே நினைக்கவைக்கும் பைகளில் பல பாலிப்ரொப்பிலின். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். துணியென்றால் ஊடும் பாவும் குறுக்கும் நெடுக்குமாகத் தெரியும். அதற்குப் பதில் சூட்டில் அழுத்திய புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தால் அது நெய்யாத பிளாஸ்டிக். இத்தகைய பைகள் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடையில் இருக்கின்றன. 2021 டிசம்பரில் அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கியபோது சொன்னது பருத்திப் பையை. அந்தப் பை பெயரும் தேதியும் மங்கிப்போன பிறகும் காய்கறி சுமக்கும்.

பையையும் தாண்டி ஒரு பொருளைக் கொடுக்கவேண்டும் என்று நினைப்பவர்களுக்குத்தான் காய்ந்த ஓலையைக் காட்டவேண்டும். செட்டிநாட்டில் நகரத்தார் வீட்டுக் கல்யாணங்களிலும் மற்ற விசேஷங்களிலும் பொருள் வைத்துக் கொடுக்கப் பயன்படுத்துவது கொட்டான். இது தென்னையில்லை, பனை. குருத்தோலையை வெயிலில் உலர்த்தி, ஈர்க்கை நீக்கி, ஒரே அகலத்தில் நாடாக்களாகக் கிழிக்கிறார்கள். சாயம் வேண்டியவற்றைக் கொதிக்கும் சாயநீரில் முக்கியெடுத்து மறுபடி உலர்த்துகிறார்கள். பின்னுவதற்கு முன் ஈரத்துணியால் துடைப்பது முக்கியம்; காய்ந்த ஓலை முறியும், லேசாக ஈரம் பட்டால் அதே ஓலை வளையும். அடியைச் சதுரமாக, குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, மூலைகளை மேலே திருப்பிச் சுவர் எழுப்பினால் மேலே போகப்போக வட்ட வாயாகிவிடும். வாயை மடித்துத் தைத்து முடிப்பதில்தான் கைக்காரியின் தரம் தெரியும். காய்ந்தபின் பிரியாமல் நிற்பதற்குப் பசையோ ஆணியோ கிடையாது, ஒரு நாடா இன்னொன்றை அழுத்திப் பிடிக்கும் உராய்வுதான். பனை ஓலையின் திசுவில் நாரோடு சிலிக்காத் துணுக்குகளும் இருப்பதால் அது எளிதில் நைவதில்லை. பதப்படுத்திய ஏட்டுச் சுவடிகள் முந்நூறு வருஷம் தாண்டி நிற்பது நமக்குத் தெரிந்ததுதான். கொட்டானுக்கு அவ்வளவு வேண்டாம். ஈரம் தங்காத இடத்தில் வைத்தால் வருஷக்கணக்கில் பூண்டும் சாவியும் தையல் சாமானும் அதில் குடியிருக்கும். பிளாஸ்டிக் கூடை வந்து இந்தக் கைவேலை ஒடுங்கிப்போன நேரத்தில், விசாலாட்சி ராமசாமி தொடங்கிய அறக்கட்டளை கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து அதை மீட்டது. இன்று செட்டிநாடு கொட்டானுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது.

ஆயிரம் பேருக்குக் கொட்டான் கொடுத்தால் கட்டுபடியாகுமா என்று கேட்கலாம். ஆகாது, தேவையும் இல்லை. எல்லோருக்கும் ஒரே பொருளைத் தரவேண்டும் என்பது அச்சகத்தாரும் பரிசுக் கடைக்காரரும் பழக்கிய வழக்கம். நெருங்கிய ஐம்பது குடும்பத்துக்குக் கொட்டானில் பலகாரம், மற்றவர்களுக்குப் பருத்திப் பையில் தேங்காயும் பழமும் என்றால் யாரும் குறைப்பட்டதாகக் கேள்வியில்லை. முன்பெல்லாம் சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டிக் கொடுத்தார்கள். அவற்றில் இன்றும் மோர் ஊற்றுகிறார்கள். வாங்குகிறவரின் சமையலறையில் அதற்கு இடம் இருந்தது, அவ்வளவுதான் ரகசியம். அதே அளவுகோலால் இன்றைய மரக்கன்றை அளந்தால் அது தோற்கும். நல்லெண்ணத்தில் கொடுப்பதுதான், ஆனால் மூன்றாவது மாடி அடுக்ககத்தில் இருப்பவர் வேப்பங்கன்றை எங்கே நடுவார்? கீரை விதைப் பொட்டலம் கொடுத்தால் பழைய பக்கெட்டிலாவது முளைக்கும். மணமக்களின் படம் அச்சடித்த கோப்பையைப் பற்றிச் சொல்லவேண்டாம். அடுத்தவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு தினமும் காபி குடிப்பவர்கள் மிகக் குறைவு.

இதையெல்லாம் செய்வதற்குப் பணத்தைவிட முன்யோசனைதான் அதிகம் வேண்டும். கொட்டான் பின்னுகிறவர்கள் கைவேலைக்காரர்கள். ஓலை உலரவும் சாயம் காயவும் நல்ல வெயில் வேண்டும், மழை மாதத்தில் அவசரப்படுத்திப் பயனில்லை. தேதி குறித்த கையோடு சொல்லிவைத்துவிடுங்கள். தோரணத்துக்கு இது நேர்மாறு. குருத்து முந்தின நாள் சாயங்காலம் வந்தால் போதும். வந்ததும் ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வைக்கவேண்டும், இரவில் வெட்டிக் கட்டி, ஏசி காற்று நேராகப் படாத இடத்தில் தொங்கவிடவேண்டும். வாசல் வாழைமரத்தின் குலையை யார் எடுத்துப் போவது, தோரணத்தை எந்த உரக்குழிக்கு அனுப்புவது என்பதையும் அலங்காரக்காரரிடம் அன்றைக்கே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.